அணுவின் ஓட்டத்தைத் தணிக்கும் காந்தம்



ஊவா மலைநாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெமோதரைப் புகையிரத நிலையத்தைப் பற்றி நான் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. கண்டிராத ஏனையோருக்காகச் சில சொற்கள் கூறுகிறேன். கொழும்பிலிருந்து மலையேறி வரும் இருப்புப்பாதை பட்டிப்பொலையில் ஆறாயிரம் அடிக்கும் மேற்பட்ட உயரத்தைத் தொடுகிறது. அதன்பின் ஹப்புத்தளை, தியத்தலாவை, பண்டாரவளை, எல்ல என்று இறங்கிச் சென்று, ஏறத்தாழ 2,100 அடி உயரத்தில் உள்ள பதுளையில் முடிவடைகிறது. இவ்விறக்கத்தின் நடுவே அமைந்தது தெமோதரை. அங்கு நிலையத்தை விட்டு நீங்கும் பாதை ஒரு குன்றைச் சுற்றி வளைந்து இறங்கி, தான் சற்று முன்னர் விட்டுவந்த அதே நிலையத்தின் கீழே குடையப்பட்ட சுரங்கத்தினுள் நுழைந்து அப்பால் செல்கிறது. மேலே நிலையம், கீழே சுரங்கம், இரண்டையும் இணைப்பது ஒரு வளையம்.

இவ்வாறு சுற்றி வளைப்பானேன்? நேரே இறங்கினால் என்ன? மலைநாட்டு இருப்புப்பாதையை வகுத்த பொறியியலாளர்கள், 44 அடி ஓடினால் 1 அடிக்கு மேல் ஏற்றமோ இறக்கமோ இருத்தலாகாது என்று ஓர் எல்லை வைத்திருந்தனர். அதனினும் கடுஞ்சரிவில் இயந்திரம் இழுக்கமாட்டாது, பிரேக்கும் பிடிக்கமாட்டாது. மலையின் உயரத்தை மாற்ற இயலாது. சரிவையும் மிகுவிக்க இயலாது. ஆகவே பாதையை நீட்டினார்கள். தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டுவதைக் கண்ட பொறியியலாளருக்கு இவ்வழி புலப்பட்டது என்று ஒரு கதை அப்பகுதியில் வழங்குகிறது. அந்தத் தலைப்பாகை இன்றைய பேச்சில் இன்னொரு முறையும் வரும்.

அணுக்களை ஆராயும் விஞ்ஞானிகளும் இத்தகைய ஓர் இடரைச் சந்தித்தார்கள். பேரளவான வேகத்தோடு பாயும் அணுக்கூட்டத்தைப் படிப்படியாக வேகம் தணித்து, ஏறக்குறைய நிறுத்தியே விடவேண்டும். கடுஞ்சரிவு உதவாது, பாதையை நீட்டி, இறக்கத்தை அளவோடு வகுக்க வேண்டும். அவர்கள் அப்பாதையை அமைத்தது இரும்பினால் அன்று, காந்தப்புலத்தினால். அது எவ்வாறு என்பதையும், அதனால் நமக்கு என்ன என்பதையும் இன்று காண்போம்.

முதலில், அணுக்கள் எவ்வளவு விரைவாக ஓடுகின்றன என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும். ஆடி, ஆவணி மாதங்களில் ஊவாச் சரிவுகளில் உலர்ந்த காற்று வீசும். கொழுந்துக்குத் தனி மணம் தரும் காற்று அது. அக்காற்று சற்றே ஓய்ந்து, இலையும் அசையாத ஒரு பொழுதை எண்ணிக்கொள்ளுங்கள். காற்று அசையவில்லை என்று நாம் சொல்லும் அவ்வேளையிலும், அதிலுள்ள நுண்துகள்கள் விநாடிக்கு ஏறத்தாழ 500 மீற்றர் வேகத்தில் அங்குமிங்கும் பாய்ந்து ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கின்றன. ஒலியின் வேகமே விநாடிக்கு 340 மீற்றர்தான். எல்லாத் திசைகளிலும் சமமாகப் பாய்வதால் நமக்குக் காற்று தெரிவதில்லை, அவ்வளவே. சூடேற்றிய உலையின் சிறு துளைவழியே வெளிவரும் சோடியம் அணுக்களின் வேகமோ விநாடிக்கு 1,000 மீற்றர் அளவினது.

இத்துணை விரைவாக ஓடும் பொருளை நுணுகி ஆராய்வது எங்ஙனம்? நிலையத்தில் நில்லாது பாய்ந்து செல்லும் வண்டியின் பக்கத்தில் எழுதியிருப்பதை மேடையில் நின்று வாசிக்க முயல்வதைப் போன்றது அது. ஓரெழுத்துத் தெரியுமுன் வண்டி கடந்துவிடும். அணுவின் இயல்பை நுட்பமாக அளக்க வேண்டுமாயின், அதனை நீண்ட நேரம் கண்முன் வைத்திருத்தல் வேண்டும். எனவே அதன் வேகத்தைத் தணிப்பது இன்றியமையாத முதற்படி ஆகின்றது.

சுவரில் மோதவிட்டு நிறுத்தலாமே என்று கேட்கக்கூடும். மோதிய அணு சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும், அல்லது சுவரின் வெப்பத்தை ஏற்று மீண்டும் பாயும். ஆகவே எதனையும் தொடாமல், வெற்றிடத்தில் பறக்கும்போதே அதனை நிறுத்த வேண்டும். மின்னேற்றம் பெற்ற துகளாயின் இது கடினமன்று. எதிர்மின் விசை கொண்டு தடுத்துவிடலாம். ஆனால் இயல்பான நிலையிலுள்ள அணு மின்னேற்றம் அற்றது. அதன் நடுவிலுள்ள நேர்மின்னும் புறத்தேயுள்ள இலத்திரன்களின் எதிர்மின்னும் சரிக்குச் சரியாய் நின்று ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. மின்விசை அதனைப் பற்றுவதற்குப் பிடியே இல்லை.

அப்பிடியை அளிப்பது காந்தம். இலத்திரன் ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய காந்தமாக விளங்குகிறது. பல வகை அணுக்களில் இக்காந்தங்கள் முற்றாக ஒன்றையொன்று அழித்துவிடுவதில்லை. ஆகவே அணு முழுவதும் ஒரு சிறு காந்தமாகிறது. இதனை 1922ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் ஒட்டோ ஸ்டேர்ன், வால்தர் கெர்லாக் என்னும் இருவர் செய்து காட்டினர். வெள்ளி அணுக்களின் மெல்லிய கற்றை ஒன்றைச் சீரற்ற காந்தப்புலத்தின் ஊடே அவர்கள் செலுத்தியபோது, அது இரண்டாகப் பிரிந்து தகட்டில் படிந்தது. மின்னேற்றமற்ற அணுவையும் காந்தம் அசைக்கும் என்பது அன்றே உறுதியாயிற்று.

ஆயினும் இப்பிடி மிக மெலிந்தது. மலையேறும் வண்டி வேகம் இழப்பதுபோல், தகுந்த நிலையிலுள்ள அணு வலிய காந்தப்புலத்தினுள் நுழையும்போது சற்றே வேகம் இழக்கும். எவ்வளவு இழக்கும்? 10,000 காஸ் என்னும் வலிமையுடைய புலத்தை, அதாவது மின்காந்தம் கொண்டு ஆய்வுகூடத்தில் உண்டாக்கக்கூடிய வலிய புலத்தை, வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 1,000 மீற்றர் ஓடும் சோடியம் அணுவின் இயக்க ஆற்றலில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கையே அப்புலம் குறைக்கும். யானையைத் தடுக்க வைக்கோற் புரி கட்டியது போலத்தான்.

ஆகவே தடுக்கும் வேலையை ஒளியிடம் ஒப்படைத்து, ஒளி வழிதவறாமல் பார்த்துக்கொள்ளும் வேலையைக் காந்தத்திடம் கொடுத்தார்கள். இதுவே முதல் வழி. இதனை விளங்கிக்கொள்ள அடுப்பங்கரைக்குச் செல்வோம்.

விறகடுப்பில் உலை பொங்கி உப்புநீர் தீயில் சிந்தினால், தீ சட்டென்று மஞ்சளாய்ச் சுடர்விடுவதை நம் தாய்மார் நாள்தோறும் கண்டிருக்கிறார்கள். அம்மஞ்சள், உப்பிலுள்ள சோடியத்தின் முத்திரை. சோடியம் அணு தான் வெளிவிடும் அதே மஞ்சள் ஒளியைத்தான் விழுங்கவும் செய்யும். பிற நிறங்களை அது பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. இனி, ஓடிவரும் சோடியம் அணுவுக்கு எதிராக அம்மஞ்சள் ஒளியைப் பாய்ச்சினால் என்ன நிகழும்? ஒளியும் துகள் துகளாகவே வருகின்றது. அணு ஓர் ஒளித்துகளை விழுங்கும்போது எதிர்த்திசையில் ஒரு சிறு தள்ளு விழுகிறது. பின்னர் அது அவ்வொளியை உமிழும்போதும் ஒரு தள்ளு உண்டு. ஆனால் உமிழ்வு ஒருமுறை இப்பக்கம், மறுமுறை அப்பக்கம் என நிகழ்வதால் அத்தள்ளுகள் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும். எஞ்சி நிற்பது எதிர்த்தள்ளு மட்டுமே.

ஒரு தள்ளினால் சோடியம் அணு இழக்கும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர். 1,000 மீற்றர் வேகத்தை முற்றும் இழக்க 33,000 தள்ளுகளுக்கு மேல் வேண்டும். ஒளியால் அணுக்கற்றையைத் தள்ள இயலும் என்பதை ஒட்டோ பிரிஷ் 1933ஆம் ஆண்டிலேயே சோடிய விளக்கு ஒன்றைக் கொண்டு காட்டினார். ஆனால் விளக்கின் ஒளி மெலிந்ததாகையால் கற்றை இம்மியளவே விலகியது. பிற்காலத்தில் லேசர் ஒளி வந்த பின்னரே அணு ஒன்றுக்கு ஒரு விநாடியில் கோடிக்கணக்கான தள்ளுகள் கொடுக்க முடிந்தது.

இங்கேதான் இடர் தோன்றியது. ஊதிக்கொண்டு நம்மை நோக்கி வரும் புகையிரதத்தின் ஒலி உயர்ந்தும், நம்மைக் கடந்து அகலும்போது அதே ஊதலின் ஒலி தாழ்ந்தும் கேட்பதை அறிவீர்கள். 1842இல் கிறிஸ்தியான் டொப்ளர் இவ்விதியை எடுத்துரைத்தார். 1845இல் ஒல்லாந்து நாட்டில் ஊதுகொம்பு வாசிப்போரைப் புகையிரதத்தில் ஏற்றி ஓட்டியே அதனைச் சோதித்தார்கள். ஒளிக்கும் இவ்விதி பொருந்தும். எதிரே விரைந்து வரும் அணுவுக்கு லேசர் ஒளியின் அதிர்வு சற்று உயர்ந்ததாகத் தோன்றும்; அணுவின் வேகம் குறையக் குறைய அவ்வுயர்வும் குறையும்.

நேயர்களே, இரவில் தொலைதூர நிலையம் ஒன்றைச் சிற்றலையில் கேட்டுக்கொண்டிருந்த அனுபவம் உங்களிற் பலருக்கு இருக்கும். முள் மயிரிழை நகர்ந்தால் பாட்டு மறைந்து இரைச்சல் வந்துவிடும். சோடியம் அணுவும் அத்தகைய கூர்மையான ஒரு வானொலிப் பெட்டியே. அதன் வேகம் விநாடிக்கு 6 மீற்றர் மாறினாலே போதும். லேசர் ஒளி அதன் அலைவரிசையை விட்டு விலகிவிடும். 6 மீற்றர் என்பது சுமார் 200 தள்ளுகள். 33,000 தள்ளுகள் தேவைப்படும் இடத்தில் 200 தள்ளுகளுடன் அணு ஒளியைக் கேளாமற் செவிடாகிவிடுகிறது. பிறகு ஒளி அதன் ஊடே வீணே செல்லும். அணு தன்பாட்டில் ஓடிவிடும்.

இதற்கு இரு பரிகாரங்கள் உண்டு. ஒன்று, வேகம் குறைவதற்கேற்ப லேசரின் அதிர்வை மாற்றிக்கொண்டே வருவது. அஃதாவது நிலையத்தார் தம் அலைவரிசையை மாற்றுவது. மற்றது, கேட்பவரின் பெட்டியிலுள்ள முள்ளைத் திருப்புவது. அஃதாவது அணுவின் அலைவரிசையையே மாற்றுவது. அணுவின் முள்ளைத் திருப்பும் கை எது? 1896ஆம் ஆண்டில் ஒல்லாந்தின் லைடன் நகரில் பீட்டர் ஸீமன் என்பவர், உப்பிட்ட சுடரை வலிய காந்தத்தின் இரு முனைகளுக்கும் இடையே வைத்து நோக்கினார். சோடியத்தின் மஞ்சட்கோடு அகன்று காணப்பட்டது. காந்தப்புலம் அணுவின் ஒளி அதிர்வை மாற்றுகிறது என்ற உண்மை அவ்வாறு வெளிப்பட்டது. அதற்காக 1902இல் அவருக்கும் லோரென்ஸுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய சுடரில் தோன்றிய சிறு மாற்றம், எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அணுக்களை நிறுத்தும் கருவியாகும் என்று அன்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

அக்கருவியை அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துக் கெய்தர்ஸ்பர்க் நகரில், தேசிய அளவீட்டுப் பணியகத்தில், வில்லியம் பிலிப்ஸும் ஹரோல்ட் மெற்காபும் அமைத்தனர். அதன் முடிவுகள் 1982இல் வெளிவந்தன. அமைப்பு எளியது. காற்று அகற்றப்பட்ட ஒரு நீண்ட குழாய். ஒரு முனையில் சோடிய உலை. மறுமுனையிலிருந்து எதிரே பாயும் லேசர். குழாயைச் சுற்றிச் செப்புக் கம்பி, தலைப்பாகை சுற்றுவதுபோல் சுருள் சுருளாகச் சுற்றப்பட்டிருக்கிறது. நுழைவாயிலில் பல அடுக்குகள். முன்னே செல்லச் செல்ல அடுக்குகள் குறைகின்றன. கம்பியில் மின்னோட்டம் பாயும்போது வாயிலில் வலிய காந்தப்புலமும் முடிவில் மெலிந்த புலமும் உண்டாகின்றன.

விநாடிக்கு 1,000 மீற்றர் ஓடும் சோடியம் அணுவின் முள்ளைச் சரியான இடத்தில் நிறுத்த ஏறத்தாழ 1,200 காஸ் அளவுக்குப் புலம் வேண்டும். அணு அவ்வாயிலில் நுழைந்ததும் லேசர் ஒளி அதற்குச் சரியாகக் கேட்கிறது, தள்ளுகள் விழுகின்றன, வேகம் குறைகிறது. அதற்குள் அணு சற்று முன்னே வந்துவிடுகிறது. அங்கே புலமும் சற்றுக் குறைந்திருக்கிறது. வேகம் குறைந்த அளவும் புலம் குறைந்த அளவும் பொருந்தி நிற்பதால் ஒளி மீண்டும் சரியாகவே கேட்கிறது. குழாயின் முடிவு வரை முள் நிலையத்தை விட்டு நழுவுவதில்லை. இதற்கு ஸீமன் வேகத்தணிப்பான் என்று பெயர் வழங்கலாயிற்று.

இப்போது தெமோதரையின் பயன் நன்கு விளங்கும். ஒளித்துகளை விழுங்கிய அணு அடுத்ததை விழுங்குமுன் முன்னையதை உமிழ்ந்தாக வேண்டும். அதற்குச் சிறிது காலம் செல்லும். ஆகவே தள்ளுகளுக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. லேசரை எவ்வளவு வலிதாக்கினாலும் அவ்வரம்பைத் தாண்ட முடியாது. அவ்வரம்பில் சோடியம் அணு உணரும் தடுப்பு, புவியீர்ப்பைப் போல் சுமார் 90,000 மடங்கு. எனினும் அதனை 1,000 மீற்றர் வேகத்திலிருந்து நிறுத்தக் குறைந்தது அரை மீற்றர் நீளம் வேண்டும். புலத்தை அதனினும் விரைவாகக் குறைத்தால் அணுவால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது, முள் நழுவிவிடும். 44 அடிக்கு 1 அடி என்ற விதி இருப்புப்பாதைக்கு எப்படியோ, அப்படியே இவ்வரம்பு காந்தப்பாதைக்கு. நடைமுறையில் அரை மீற்றரோடு நில்லாமல், சோடியத்துக்கு ஒரு மீற்றர் அளவிலோ அதற்கு மேலோ குழாயை நீட்டிக் கொள்கிறார்கள். வரம்பை ஒட்டி ஓட்டுபவன் சிறு தவறுக்கும் இடமின்றித் தவிப்பான் என்பதைப் பொறியியலாளர் அனைவரும் அறிவர்.

இவ்வமைப்புக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. உலையிலிருந்து வரும் அணுக்கள் எல்லாம் ஒரே வேகத்தின அல்ல. 1,000 மீற்றர் வேகத்தின வாயிலிலேயே பிடிபடும். 700 மீற்றர் வேகத்தின வாயிலில் ஒளியைக் கேளாமலே சிறிது தூரம் ஓடி, தமக்குரிய புலம் வந்த இடத்தில் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். 400 மீற்றர் வேகத்தின இன்னும் அப்பால் சேரும். ஹப்புத்தளையில் ஏறியவரும், பண்டாரவளையில் ஏறியவரும், ஹாலி எலவில் ஏறியவரும் பதுளையில் ஒன்றாக இறங்குவதுபோல, எல்லா அணுக்களும் குழாயின் முடிவில் ஒரே மெதுவான வேகத்தில் வெளிவரும். வேகம் குறைவது மட்டுமன்று, வேக வேறுபாடும் குறைகிறது. வேக வேறுபாடு குறைவதையே குளிர்ச்சி என்கிறோம். 1985இல் இவ்வாய்வாளர் அணுக்களை நிறுத்தியும் காட்டினர். அவ்வாண்டிலேயே காந்தச் சிறையில் அடைத்தும் வைத்தனர். 1997இல் பிலிப்ஸுக்கும், ஸ்டீவன் சூ, குளோட் கோஹன் தனூஜி ஆகியோருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மேலே சொன்ன வழியில் பிரேக் போடுவது ஒளி. காந்தமே பிரேக் போடும் வழி ஒன்றும் பின்னர் கண்டறியப்பட்டது. ஐதரசன் போன்ற அணுக்களுக்குத் தகுந்த லேசர் ஒளியைப் பெறுவது மிகக் கடினம். அத்தகையவற்றுக்கு இவ்வழி வேண்டியதாயிற்று. ஒரு காந்த மலை அணுவின் வேகத்தைச் சிறிதே குறைக்கும் என்று முன்னர் கண்டோம். அத்துடன், ஏறும்போது இழந்த வேகத்தை மறுபுறம் இறங்கும்போது அணு திரும்பப் பெற்றுவிடும். நமுனுகுல மலையில் ஏறி மறுபுறம் இறங்கினால் உயரக் கணக்கில் மிஞ்சுவது ஒன்றுமில்லை அல்லவா? ஆனால் அணு உச்சியை அடைந்த கணத்தில் மலையே மறைந்துவிட்டால்? இறங்குவதற்குச் சரிவு இல்லை. இழந்த வேகம் இழந்ததே. சுருளில் பாயும் மின்னோட்டத்தை அக்கணத்தில் சட்டென்று நிறுத்துவதே இதன் சூட்சுமம். அடுத்து இன்னொரு சுருள், இன்னொரு மலை, மீண்டும் மறைவு. சூரிச் நகரில் பிரெடெரிக் மெர்க்ற் என்பவரின் குழு 2007இல் ஐதரசன் அணுக்களை இவ்வாறு மெதுவாக்கியது. டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரில் மார்க் ரெய்சனின் குழு 2008இல் 64 சுருள்களை வரிசையாக வைத்து, விநாடிக்கு 446 மீற்றர் ஓடிய நியோன் அணுக்களை 56 மீற்றர் வேகத்துக்குக் கொண்டுவந்தது. ஒரு பெருமலை செய்யாததை 64 சிறு குன்றுகள் செய்தன.

இவ்வளவு முயற்சியால் கிட்டிய பயன் யாது? முதற்பயன் காலத்தின் அளவு. 1967ஆம் ஆண்டு முதல் ஒரு விநாடி என்பது சீசியம் அணுவின் ஒரு குறித்த அதிர்வு 9,192,631,770 முறை நிகழும் காலம் என்று உலகம் ஏற்றுக்கொண்டுள்ளது. அவ்வதிர்வை எவ்வளவு நேரம் இடைவிடாது நோக்குகிறோமோ அவ்வளவு நுட்பமாக விநாடியை அளக்கலாம். 1950களில் அமெரிக்கரான ஸக்கரையாஸ், சீசியம் அணுக்களை நீரூற்றுப் போல் மேலே எறிந்து, அவை மெல்ல எழுந்து விழும் நேரத்தில் அளக்க முயன்றார். வேக அணுக்கள் இடையிலிருந்த மெதுவான சிலவற்றையும் மோதிச் சிதறடித்தமையால் அம்முயற்சி கைகூடவில்லை. அணுக்களை ஒளியால் மெதுவாக்கும் கலை வந்த பின்னரே அவ்வூற்று எழுந்தது. இன்று அத்தகைய ஊற்றுக் கடிகாரங்கள் 3 கோடி ஆண்டுகளில் 1 விநாடியும் தவறாத நுட்பத்தை எட்டியுள்ளன. அவற்றையும் விஞ்சும் ஸ்ரொன்சியம், இட்டர்பியம் கடிகாரங்கள் பலவற்றின் வாயிலில் ஸீமன் வேகத்தணிப்பானே அணுக்களை வரவேற்கிறது.

இக்கதையில் நம் அயலாருக்கும் பங்குண்டு. பதுளைக்கு இருப்புப்பாதை வந்து சேர்ந்த அதே 1924ஆம் ஆண்டில், டாக்கா நகரிலிருந்து சத்தியேந்திரநாத் போஸ் என்ற இளம் விரிவுரையாளர் ஐன்ஸ்டைனுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். அதிலிருந்து விளைந்த கருத்தின்படி, அணுக்கள் மிகவும் குளிர்ந்தால் யாவும் ஒன்றுபோல் ஒரே நிலையில் ஒடுங்கிவிட வேண்டும். எழுபத்தோராண்டு கழித்து, 1995இல், அந்நிலை ஆய்வுகூடத்தில் காணப்பட்டது. அவ்வாண்டில் வொல்ப்காங் கெற்றர்லே சோடியத்தைக் கொண்டு அதனைப் படைத்தபோது, அணுக்களை முதலில் மெதுவாக்கியது ஸீமன் முறையே. பெங்களூரு இந்திய விஞ்ஞான நிறுவனத்தில் வசந்த் நடராஜனும் அவர் மாணவரும் இட்டர்பியம் அணுக்கற்றையை இதே முறையால் மெதுவாக்கி மேல்நோக்கித் தொடர்ந்து எழச் செய்ததை 2013இல் வெளியிட்டனர். புதுடில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுகூடம் சீசிய ஊற்றுக் கடிகாரத்தை உருவாக்கியது. அதன் முதல் இயக்குநர், தமிழ்நாட்டு வத்திராயிருப்பில் பிறந்து, பளிங்குகளின் காந்த இயல்பை ஆராய்ந்து புகழ்பெற்ற கே. எஸ். கிருஷ்ணன் என்பதைத் தமிழர் மறத்தலாகாது.

இவையெல்லாம் தேயிலை மலையில் வாழ்வோருக்கு என்ன என்று ஒருவர் கேட்கலாம். அக்கேள்விக்கு விடை கூறாமல் இப்பேச்சை முடிப்பது முறையன்று.

தோட்டத்து வாழ்வில் நேரம் என்பது நெடுங்காலம் பிறர் கையில் இருந்தது. விடியுமுன் தப்பு முழங்கும். பிரட்டுக்களத்தில் பெயர் கொடுக்க வேண்டும். பிந்தி வந்தவருக்கு அரைப்பேர் விழுந்ததும் உண்டு. பிந்தியது மெய்தானா என்று பார்க்க லயத்தில் கடிகாரம் இல்லை. நேரம் சொன்னது துரையின் கடிகாரம் ஒன்றே. பிற்காலத்தில் வானொலிப் பெட்டி லயத்துக்குள் வந்தபோது, பாட்டும் செய்தியும் மட்டும் வரவில்லை; நேரமும் வந்தது. பங்களாவிலும் லயத்திலும் ஒரே நொடியில் ஒரே மணி ஒலித்தது. தன் நேரத்தைத் தானே சரிபார்க்கும் உரிமை அவ்வாறு ஏழையின் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

மணி எத்தனை என்பது அரசு விதிக்கும் ஒழுங்கு. 1996இல் இலங்கையின் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டு, அவ்வாண்டிலேயே அரை மணி பின்வாங்கி, 2006இல் பழைய நிலைக்கு மீண்டதை நேயர்கள் பலர் நினைவுகூர்வர். ஆனால் ஒரு விநாடி எவ்வளவு என்பதை எந்த அரசும் எந்தத் துரையும் மாற்ற இயலாது. அதனைச் சொல்வது அணு. கொழும்பில் உள்ள சீசியத்துக்கும் பசறையில் உள்ள சீசியத்துக்கும் அதிர்வு ஒன்றே. அவ்வணுவைத் தொடாமல், நோகாமல், மெல்ல நிறுத்தி, அது சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் வழியையே காந்தப்பாதை அமைத்தவர்கள் நமக்குத் திறந்து வைத்தார்கள்.

தெமோதரையில் குன்றைச் சுற்றும் பாதையைப் பார்த்து நிற்கும் மாணவன் ஒருவன், மலையின் சரிவையும் பாதையின் நீளத்தையும் வகுத்துக் கணக்கிடக் கற்றால், அணுவை நிறுத்தும் கணக்கின் முதற்படியையும் அவன் கற்றுவிட்டான். எஞ்சிய படிகளை ஏற அவனுக்கு நல்லாசிரியரும் ஆய்வுகூடமும் வேண்டும். அவற்றை அளிப்பது நம் கடன். விரைவைத் தணிக்கும் வித்தை இருவருக்கும் ஒன்றே: சரிவின் எல்லையை அறிந்து, அதற்கு ஏற்றபடி பாதையை நீட்டுதல்.